ஏழாவது புத்தகம் கையில், தொடங்குவது எதில்?

போன சனிக்கிழமை பொழுதோடு என் அக்கா மகள் கோவையிலிருந்து ஈரோட்டுக்கு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பையைத் திறந்ததும் துவைக்கப் போட வேண்டிய துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவி என் முன்னால் வைத்தாள். ஜோ நெஸ்போ எழுதிய ‘தி ஸ்னோமேன்’. விடுதியில் அவளோடு தங்கியிருக்கும் மூன்று பெண்களும் அதைப் படித்துவிட்டார்களாம். அதில் ஒருத்தி இரண்டு நாள் ராத்திரி விளக்கை அணைக்கவே விடவில்லையாம்.

“ஏனுங் மாமா, இது ஏழாவது புக்காமுங்க. இதையே படிச்சுப்போடலாமுங்களா, இல்ல மொத புக்குல இருந்து வரோணுமுங்களா?”

நெஸ்போவின் ஹாரி ஹோலே கதைகளைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். நார்வே நாட்டில், ஓஸ்லோ நகரப் போலீஸில் வேலை பார்க்கும் துப்பறிவாளன் ஹாரி. குடியை விட முடியாதவன், மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாதவன், ஆனால் ஒரு வழக்கைப் பிடித்தால் விடாதவன். அவன் வரும் முதல் நாவல் 1997-இல் வந்தது. 2022-இல் வந்தது 13-ஆவது. (நார்வேக்காரர்கள் அவன் பெயரை ‘ஹூலெ’ என்று சொல்வார்கள். எனக்கு ஹோலே என்றே வாயில் பழகிவிட்டது.) வரிசை தெரியாமல் நடுவில் புகுந்து, ஒரு நல்ல நாவலை நானே கெடுத்துக்கொண்டவன். அதனால் அவள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஞாயிறு முழுக்க இதைப் பற்றியே பழமை பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நீளமான தொடரில் ஏதோ ஒரு புத்தகம் கையில் கிடைத்து, இதில் இறங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

அவளுக்கு இருந்த வழிகள் இவை: ஸ்னோமேனையே படிப்பது, முதல் நாவலிலிருந்து வருவது, மூன்றாவது நாவலில் தொடங்குவது, படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது, இல்லையென்றால் இதை ஓரமாக வைத்துவிட்டு நம் ஊர்த் துப்பறியும் கதைகளில் முதலில் பழகுவது.

படத்தை முதலில் தள்ளிவிடலாம். ஸ்னோமேன் 2017-இல் படமாக வந்தது. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் ஹாரியாக நடித்தார். திரைக்கதையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை எடுக்கவே நேரம் கிடைக்கவில்லை என்று அதன் இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். பார்த்தால் அது தெரியும். கதை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எப்படி வந்தது என்றே புரியாது. ஆனால் கொலைகாரன் யார் என்பது மட்டும் தெரிந்துவிடும். கதையும் விளங்காமல், முடிவும் தெரிந்துபோய் நிற்பதைவிடக் கெட்ட நிலைமை துப்பறியும் கதை வாசகருக்கு வேறு இல்லை.

மற்ற வழிகளுக்கு வருவதற்கு முன்னால் நம் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிசை எல்லாம் எதற்கு, கையில் கிடைத்ததைப் படித்தால் என்ன என்று நமக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் சத்தியமங்கலத்தில் வளர்ந்தவன். கோவையில் படித்த காலத்தில் வாராவாரம் பஸ்ஸில் போய் வருவேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போட்ட மாதிரி பாக்கெட் நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். பஸ் எடுக்கப்போகிறது என்று கண்டக்டர் விசில் ஊதும்போது ஒன்றை உருவிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு ஓடுவோம். என்ன நாவல் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்ப்பது. பெரும்பாலும் ராஜேஷ்குமார். எங்கள் கோவைக்காரர், 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இரண்டு கதைகளை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் இரண்டையும் முடிச்சுப் போடுவார். சத்தியில் செத்துக் கிடந்தவனுக்குப் புளியம்பட்டியில் அடையாளம் தெரியும், அன்னூரில் துப்பு கிடைக்கும், சரவணம்பட்டி தாண்டும்போது இரண்டு கதையும் ஒன்று சேரும், காந்திபுரத்தில் இறங்கும்போது அவருடைய துப்பறிவாளர் விவேக் கொலைகாரனின் கையில் விலங்கு மாட்டியிருப்பார். பயண நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

அந்த விவேக்குக்கு வயது ஏறாது. மனைவி ரூபலாவோடு அவர் வாழ்கிற வாழ்க்கையை ஒரு நாவலில் நடந்த கொலை அடுத்த நாவலில் போட்டுக் குலைக்காது. ஒவ்வொரு நாவலும் புதிதாகக் கோலம் போட்ட வாசல் மாதிரிதான். 400-ஆவதைப் படித்துவிட்டு 90-ஆவதுக்குப் போகலாம், ஒன்றும் குறையாது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவும், சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தியும் ஏறக்குறைய இப்படித்தான். சுஜாதாவில் சின்ன வித்தியாசம் உண்டு. 1968-இல் ‘நைலான் கயிறு’ வந்தபோது வக்கீல் கணேஷ் மட்டும்தான், அவருடைய ஜூனியர் வசந்த் பிறகுதான் வந்து சேர்கிறான். வசந்த்தோடு பழகியவர்கள் அதைப் படித்தால் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். ஆனால் கதை கெடாது.

இந்தக் கயிற்றுக் கடைப் பழக்கத்தை அப்படியே ஹாரி ஹோலேயிடம் கொண்டுபோனதுதான் நான் செய்த தப்பு. ஹாரிக்கு வயது ஏறுகிறது. அவன் காதலிக்கிறான், பிரிகிறான், குடியை விடுகிறான், திரும்பக் குடிக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் சாகிறார்கள், செத்தவர்கள் செத்தவர்களாகவே இருக்கிறார்கள். மூன்றாவது நாவலில் விழுந்த அடி ஏழாவதிலும் வலிக்கிறது. ஆகவே தொடர் என்று ஒன்று கையில் வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: நாயகனுக்கு வயது ஏறுகிறதா? ஏறாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். ஏறினால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

சரி, யோசித்தால் என்ன தெரிகிறது? முந்தைய புத்தகங்களைப் படிக்காமல் ஏழாவதைப் படித்தால் அது புரியாமல் போய்விடுமா என்றால், போகாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் கற்றுக்கொள்ளவில்லை. சென்னிமலையில், அமுச்சி வீட்டில், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில் தெரிந்துகொண்டேன்.

அப்புச்சி குழித்தறியில் உட்கார்ந்திருப்பார். அமுச்சி திண்ணையில் ராட்டை வைத்துத் தார் சுற்றிக்கொண்டிருக்கும். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளை அமுச்சி வாராவாரம் கத்தரித்து வைத்து, கதை முடிந்ததும் அடுக்கி, தறியில் மிஞ்சிய பாவு நூலை மூன்றாக முறுக்கி, கோணி ஊசியால் தைத்துவிடும். அட்டைக்குப் பழைய காலண்டர். அந்த மாதிரித் தைத்த ஒரு துப்பறியும் கதையைப் பள்ளி விடுமுறையில் நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அதில் பதினாலாவது வாரம் கிடையாது. அந்த இதழை வாங்கிப்போன ஒறம்பரை (உறவுக்காரர்) திருப்பித் தரவே இல்லை. பதிமூன்றாவது வாரம் முடிந்ததும் நான் நிறுத்துவேன், அமுச்சி பதினாலாவது வாரத்தை வாயாலேயே சொல்லும். சொல்லும்போது ராட்டைக் கை நிற்காது. அப்புறம் நான் பதினைந்தாவதைப் படிப்பேன். அந்த ஓட்டை எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

ஆனால் இன்னொரு தைத்த புத்தகத்தில் நான் ஆறாவது வாரத்தில் இருக்கும்போது, மாமன் மகன் ஒருவன் திண்ணையில் வந்து உட்கார்ந்து, கொன்றது அந்த வீட்டு டாக்டர்தான் என்று சொல்லிவிட்டான். அதை நான் இன்றுவரை படித்து முடிக்கவில்லை.

முன்னால் நடந்தது தெரியாமல் இருப்பதை வாசகரால் தாங்க முடியும். எழுத்தாளரே நாலு வரியில் சொல்லிவிடுவார், இல்லை நாமே ஊகித்துக்கொள்வோம். பின்னால் நடக்கப்போவது தெரிந்துபோவதைத்தான் தாங்க முடியாது. இதை வைத்துப் பார்த்தால், ஏழாவதை முதலில் படிப்பதால் ஏழாவதுக்குச் சேதம் ஒன்றும் இல்லை. மூன்றுக்கும் நாலுக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும்தான் சேதம். எதில் தொடங்கினால் புரியும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதில் தொடங்கினால் மற்றது எது கெடும் என்று கேட்டுப் பார்த்தால் முடிவு எடுப்பது சுலபமாகிவிடும்.

இதில் வயது ஏறாத நாயகர்கள்கூட முழுக்கத் தப்பியவர்கள் என்று சொல்ல முடியாது. அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் போய்ரோ வரும் கதைகளை எந்த வரிசையிலும் படிக்கலாம் என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் 1937-இல் வந்த ‘டம்ப் விட்னெஸ்’ நாவலில் போய்ரோ தன் பழைய வழக்குகளை நினைத்துப் பார்க்கிற ஒரு இடத்தில், முந்தைய நாவல்கள் நாலின் கொலைகாரர்களைப் பெயரோடு சொல்லிவிடுகிறார். ஒரே வாக்கியத்தில் நாலு புத்தகம் போச்சு. அதனால் போய்ரோ படிப்பவர்கள் அந்த ஒன்றைப் பின்னால் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஸ்னோமேனுக்கு வருகிறேன். 2007-இல் நார்வேயில் வந்தது, ஆங்கிலத்தில் 2010-இல். வருடத்தின் முதல் பனி விழுகிற ராத்திரி, ஒரு சின்னப் பையன் விழித்துப் பார்க்கிறான். வீட்டில் அம்மா இல்லை. தோட்டத்தில் யாரோ செய்துவைத்த பனிமனிதன் நிற்கிறான், முகம் வீட்டைப் பார்த்து இருக்கிறது, கழுத்தில் அம்மாவின் இளஞ்சிவப்பு நிறச் சால்வை. இவ்வளவுதான், ரத்தம் இல்லை, கத்தல் இல்லை. பனியைக் கண்ணாலும் பார்க்காத ஈரோட்டில், சித்திரை மாத உச்சி வெயிலில், ஃபேன் காற்றும் கொதிக்கும் நேரத்தில் படித்தேன். எழுந்து போய் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நெஸ்போவின் கைத்திறன் உச்சத்தில் இருக்கும் நாவல் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்கு தொடங்கி இதிலேயே முடிகிறது. கத்ரீனா பிராட் என்ற புது அதிகாரி ஹாரியோடு வந்து சேர்கிறாள். அவளோடு சேர்ந்து நாமும் ஹாரியைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே தனியாகப் படிக்க நிற்கும் புத்தகம்தான்.

ஆனால் அதற்குள் ஹாரியின் காதலி ராகெல் அவனை விட்டுப் பிரிந்திருக்கிறாள். அவள் மகன் ஓலெக் வளர்ந்துகொண்டிருக்கிறான், ஹாரியிடம் இன்னும் ஒட்டுதலாக இருக்கிறான். ராகெலை ஹாரி எப்படிச் சந்தித்தான், அந்தப் பையன் எப்படி இவனை அப்பா மாதிரி நினைக்கத் தொடங்கினான் என்பதெல்லாம் முந்தைய புத்தகங்களில் இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு ராகெல் வரும் காட்சிகளில் தொண்டை அடைக்கும். படிக்காதவர்களுக்கு ஒரு பழைய காதலி வந்து போகிறாள், அவ்வளவுதான். இதோடு, முந்தைய நாவல்களில் யார் யார் செத்துப்போனார்கள் என்பதும் பேச்சுவாக்கில் வந்து விழும். விழுந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

முதல் நாவலான ‘தி பேட்’டில் தொடங்கினால்? வரிசை தப்பாது என்பதைத் தவிர அதில் பெரிய லாபம் இல்லை. சிட்னியில் கொல்லப்பட்ட நார்வே பெண்ணின் வழக்குக்காக ஹாரி ஆஸ்திரேலியாவுக்குப் போகிறான். இரண்டாவதான ‘காக்ரோச்சஸ்’ஸில் நார்வே தூதர் கொலைக்காகப் பாங்காக் போகிறான். இரண்டிலும் கதை பெரும்பாலும் ஓஸ்லோவுக்கு வெளியேதான், ராகெல் இல்லை, பின்னால் நமக்குப் பழக்கமாகும் சக அதிகாரிகளும் அதிகம் வருவதில்லை. முதல் நாவல் ஸ்காண்டிநேவியாவின் பெரிய விருதான ‘கிளாஸ் கீ’யை வாங்கியதுதான். இருந்தாலும் எழுத்தாளர் இன்னும் கை பழகிக்கொண்டிருக்கிறார் என்பது தெரிகிறது, நடுவில் இழுக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். இந்த இரண்டு நாவல்களும் ஆங்கிலத்தில் வந்ததே 2012-இலும் 2013-இலும்தான். அதற்குள் ஸ்னோமேன் உட்பட ஆறு ஏழு நாவல்களை ஆங்கில வாசகர்கள் படித்து முடித்திருந்தார்கள். முதல் இரண்டு இல்லாமலே அவர்களுக்கு ஹாரியைப் பிடித்தது. அதனால் முதல் புத்தகம் என்ற ஒரே காரணத்துக்காக அதில் தொடங்க வேண்டாம் என்பது என் முடிவு. பின்னால் ஒரு விடுமுறையில், ஹாரியின் இளமைக்காலம் எப்படி இருந்தது என்று பார்க்கும் ஆசையோடு படித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

இனி மூன்றாவது, ‘தி ரெட்பிரெஸ்ட்’. மூல மொழியில் 2000-இல் வந்தது. 2004-இல் நார்வேயின் புத்தக மன்றங்கள் நடத்திய வாக்கெடுப்பில் அந்த நாட்டின் மிகச் சிறந்த துப்பறியும் நாவலாகத் தேர்வானது. 1999 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஓஸ்லோவுக்கு வரும்போது பாதுகாப்பு வேலையில் நிற்கும் ஹாரி, தப்பான ஆள் மீது சுட்டுவிடுகிறான். அவமானத்தை மூடி மறைக்க மேலிடம் அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்து வேறு பிரிவுக்கு மாற்றிவிடுகிறது. இந்தத் தொடக்கம் ஒன்றே அவன் யார், அவன் வேலை செய்கிற இடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடும். கூடவே இன்னொரு கதை ஓடுகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பக்கம் சேர்ந்து லெனின்கிராடு போர்முனையில் பதுங்குகுழிகளில் கிடந்த நார்வே இளைஞர்களின் கதை. தோற்ற பக்கத்தில் நின்றவர்கள் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு என்ன ஆனார்கள், ஊர் அவர்களை எப்படிப் பார்த்தது என்பதுதான் இந்த நாவலின் உயிர். இரண்டு கதை மாறி மாறி வந்து கடைசியில் முடிச்சு விழுவதைப் பார்த்தபோது எனக்குச் சத்தி பஸ்தான் நினைவுக்கு வந்தது. ராஜேஷ்குமார் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுமானம் புதிதாக இருக்காது.

ராகெல் முதலில் வருவது இதில்தான். இதில் தொடங்கும் ஒரு விஷயம் இந்தப் புத்தகத்தில் முடிவதில்லை. நாலாவதான ‘நெமிசிஸ்’ வழியாகப் போய் ஐந்தாவதான ‘தி டெவில்ஸ் ஸ்டார்’இல்தான் முடிகிறது. இந்த மூன்றையும் சேர்த்து ஓஸ்லோ முத்தொகுதி என்கிறார்கள். நெமிசிஸில் ஒரு வங்கிக் கொள்ளைக்காரன் பணத்தை எடுத்துவைக்க 25 விநாடி கெடு வைக்கிறான். 31 விநாடி ஆகிவிடுகிறது. அந்த ஆறு விநாடிக்கு ஒரு பெண்ணின் உயிர் போகிறது. டெவில்ஸ் ஸ்டாரில் ஓஸ்லோவை வெயில் கொளுத்துகிறது. நார்வே என்றால் பனி என்று நினைப்பவர்களுக்கு அதைப் படிக்கும்போது நம்மூர் அக்கினி நட்சத்திரம் தெரியும்.

என் கதை இங்கேதான் வருகிறது. உக்கடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் எனக்கு முதலில் கிடைத்தது டெவில்ஸ் ஸ்டார். அட்டையில் எத்தனையாவது என்று எதுவும் போட்டிருக்கவில்லை. ஒரே மூச்சில் படித்தேன், பிரமாதம். அதன் பிறகு ஒரு ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் ரெட்பிரெஸ்டை வாங்கினேன். பாதி தாண்டி ஒரு இடம் வருகிறது. என்னோடு படிக்கும் நண்பர் ஒருவர் அந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன் என்றார். நான் அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தைப் போலவே கடந்துபோனேன். அந்த ஆளுக்கு என்ன ஆகும், அதைச் செய்தது யார், அவனுக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று எல்லாமே டெவில்ஸ் ஸ்டாரில் படித்திருந்தேனே. அந்த அதிர்ச்சி ஒரு வாசகருக்கு ஒருமுறைதான் கிடைக்கும். எனக்கு அது கிடைக்காமலே போய்விட்டது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஆங்கில வாசகர்கள் பலருக்கும் இதே கதிதான். டெவில்ஸ் ஸ்டார் ஆங்கிலத்தில் 2005-இல் வந்தது, ரெட்பிரெஸ்ட் 2006-இல், நெமிசிஸ் 2008-இல். மூன்று பாகத்தில் மூன்றாவது பாகத்தை முதலில் கொடுத்துவிட்டார்கள்.

அதனால் எதை வாங்கினாலும் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நாவல் பட்டியலைப் பாருங்கள். அந்தப் பட்டியல் எல்லாப் பதிப்பிலும் இருக்காது, இருந்தாலும் மூல மொழியில் வந்த வரிசையில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டனை வாழ்த்த வேண்டும். 1982-இல் தொடங்கிய தன் தொடருக்கு ஆங்கில எழுத்துகளை வரிசையாகத் தலைப்பில் வைத்தார். ஏ முதல் ஒய் வரை 25 நாவல்கள். கடைசி எழுத்துக்கு வருவதற்குள் 2017-இல் காலமாகிவிட்டார். ஆனால் எது முன்னால் எது பின்னால் என்று ஒரு வாசகரும் திண்டாட வேண்டியிருக்கவில்லை.

ரெட்பிரெஸ்டில் ஒரு சிரமம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முதல் 100 பக்கம் மெதுவாகத்தான் போகும். போர்முனை, வியன்னா மருத்துவமனை, ஓஸ்லோ என்று இடமும் வருடமும் மாறிக்கொண்டே இருக்கும். நார்வே பெயர்கள் வேறு நாக்கில் நிற்காது. நான் நூல் கமிஷன் கடை வைத்திருக்கிறேன், அங்கே கிடந்த ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பெயர்களைத் தமிழில் எழுதி அட்டைக்குள் ஒட்டிவைத்துக்கொண்டேன்: ராகெல், காதலி. ஓலெக், அவள் மகன். எலன், கூட வேலை செய்பவள். மொல்லர், மேலதிகாரி. இப்படிப் பத்துப் பெயர். கண்ணுக்குத் தமிழில் ஒருமுறை பட்டுவிட்டால் அப்புறம் ஆங்கிலத்தில் பார்க்கும்போது ஆள் தெரிந்துவிடும். மற்றபடி மொழிபெயர்ப்பின் ஆங்கிலம் கடினம் இல்லை. டான் பார்ட்லெட் செய்தது, சின்னச் சின்ன வாக்கியங்கள். பாடப்புத்தக ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் தாராளமாகப் படிக்கலாம்.

நம் ஊர்க் கதைகளில் பழகிவிட்டு வருவதைப் பற்றி அவளே கேட்டாள். ஆங்கில வழியில் படித்த பிள்ளை, தமிழ் வேகமாகப் படிக்க வராது என்று அவளுக்கு ஒரு குறை. அதற்காகவே ஒரு ராஜேஷ்குமாரைப் பையில் போட்டுக்கொடுத்தேன். ஆனால் இதைப் படித்தால்தான் அது புரியும் என்று ஏணிப்படி மாதிரி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அது பஸ்ஸுக்கு, இது ராத்திரிக்கு. இரண்டும் அததன் இடத்தில் இருக்கட்டும். முத்தொகுதியில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் மூச்சு வாங்கிக்கொள்ள இரண்டு மணி நேரத்தில் முடிகிற ஒரு கதை ரொம்ப உதவும். நெஸ்போ கதைகளில் வன்முறை அதிகம், மனசில் தங்கும். இடையில் கொஞ்சம் இளைப்பாற வேண்டும்.

ஆக நான் அவளுக்குச் சொன்னது இது. இந்த ஒரு புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வேன், தொடரைத் தொடரும் எண்ணம் இல்லை என்றால் ஸ்னோமேனையே படி, கண்ணை மூடிக்கொண்டு படி, கொடுத்த நேரத்துக்கு ஏமாற்றாது. ஹாரியோடு கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று தோன்றினால் ரெட்பிரெஸ்டில் தொடங்கு. அப்புறம் நெமிசிஸ், டெவில்ஸ் ஸ்டார். ஆறாவதான ‘தி ரிடீமர்’ கிறிஸ்துமஸ் காலத்து ஓஸ்லோவில் நடக்கும் கதை, கட்டாயம் இல்லை, ஆனால் அதையும் படித்துவிட்டு ஸ்னோமேனுக்கு வந்தால் ஒரு பெயர்கூட உனக்கு அந்நியமாக இருக்காது. அதன் பிறகு வருவதை எல்லாம் வந்த வரிசையிலேயே படிக்க வேண்டும், அதில் விலக்கே இல்லை. முக்கியமாக 12-ஆவதான ‘நைஃப்’ நாவலின் பின்னட்டையைக்கூடப் பார்க்காதே. நீ வாங்கிய அன்றைக்கு அட்டை போட்டுத் தருகிறேன்.

“அதெல்லாஞ் செரிங்க மாமா. ரூமுல மூணு பேரு படிச்சுட்டு இருக்கறாளுகளே, அவளுக வாயி?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஸ்னோமேனை முதலில் படிப்பதற்கு எதிராக நான் அடுக்கிய காரணங்களுக்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் வைக்கத் தகுந்த காரணம் இது ஒன்றுதான். நாலு புத்தகம் முடித்து ஸ்னோமேனுக்கு வர அவளுக்கு ஒரு பருவத் தேர்வுக் காலமே ஆகிவிடும். அதற்குள் அந்த மூன்று பேரில் ஒருத்தி சாப்பாட்டு மேசையில் பெயரைச் சொல்லிவிட்டால் போச்சு. வாய்க்குப் பயந்தால் ஸ்னோமேனை இந்த வாரமே முடித்துவிட வேண்டும், முந்தைய நாலும் அடிபடும். அவர்களிடம் பேசிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அன்றைக்கு ராத்திரியே மூன்று பேருக்கும் போன் போட்டாள். சொன்னால் அடுத்த மாதம் வீட்டிலிருந்து கச்சாயம் கொண்டுவர மாட்டேன் என்று அவள் மிரட்டியது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

திங்கள்கிழமை விடிகாலையில் என் அலமாரியிலிருந்து ரெட்பிரெஸ்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஸ்னோமேனைச் செய்தித்தாளில் சுற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த நூலால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி என்னிடம் கொடுத்தாள். “நானே கேட்டாலும் குடுத்துப்போடாதீங்க.”

நேற்று ராத்திரி பேசினாள். 90-ஆம் பக்கத்தில் இருக்கிறாளாம். இன்னும் அந்த லெனின்கிராடு பதுங்குகுழியை விட்டே ஆள்கள் வெளியே வரவில்லை, பெயரெல்லாம் குழம்புகிறது என்று சலித்துக்கொண்டாள். அட்டைக்குள் ஒட்டியிருக்கும் பில்லைப் பார், இன்னும் பத்துப் பக்கம் பொறுத்துக்கொள் அம்மிணி என்றேன்.